தன் கூடையைத் தானே இழுக்கக் கூடாது

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். முழங்கால்கள் மட்டும் நலமில்லை, காரணம் கீழே வருகிறது. உங்கள் இருமல் போய்விட்டதா, இல்லை அதற்கும் ஒரு பேனர் அடித்து வரவேற்பு கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டீர்களா?

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நம் வீட்டின் அளவு உங்களுக்குத் தெரியும். நான் குளியலறையில் முணுமுணுத்தால் அம்மா அடுப்படியிலிருந்து பதில் சொல்வாள். இது அவள் காதுக்குப் போகக் கூடாத விஷயம்.

நம் கட்டடத்தில் லிப்ட் செத்து மூன்று மாதம் ஆகிறது. சங்கச் செயலாளர் 'தீர்மானம்' (நீங்கள் வைத்த பெயர்தான், இப்போது ஏழு மாடியும் அப்படித்தான் சொல்கிறது) லிப்டை ஆராய ஒரு குழு, அந்தக் குழுவைக் கண்காணிக்க இன்னொரு குழு என்று தீர்மானமாகப் போட்டுத் தள்ளுகிறார். பொறுத்துப் பார்த்துவிட்டு நானே ஒரு வேலை செய்தேன். படிக்கட்டு சுற்றிச் சுற்றி ஏறுகிறதல்லவா, நடுவில் கிணறு மாதிரி மேலிருந்து கீழ்வரை காலியாக இருக்கும். மேல்மாடிக் கைப்பிடியில் ஒரு கப்பி கட்டி, கயிறு விட்டு, துணி போடும் பெரிய கூடையைத் தொங்கவிட்டேன். கீழே சாமானை வைத்தால் மேலே இழுத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் மூன்றாவது மாடிப் பல் டாக்டர் தன் சாமானை மட்டும் இழுத்துக்கொண்டு கயிற்றையும் தன் கதவிலேயே கட்டி வைத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு விதி எழுதி ஒட்டினேன்: தன் கூடையைத் தானே இழுக்கக் கூடாது, இன்னொருவரைக் கூப்பிட வேண்டும். மாமா, அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் மாற்றியது. டாக்டர் வீட்டுக் கூரையில் நாலாவது மாடித் தையல்காரம்மாவின் குளியலறைத் தண்ணீர் சொட்டியதிலிருந்து அந்த இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை. இப்போது கேளுங்கள்:

"டாக்டரே, கொஞ்சம் இழுங்க!"

"என்னம்மா இது, உள்ளே கல்லா?"

"துணிதான். பல்லைப் புடுங்குற கைக்கு இது ஒரு கனமா?"

கட்டடக்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிறேன். கட்டுரை கேட்கிறார்கள்: ஒரு சமூகத்தைக் கட்டியெழுப்புவதில் உங்கள் பங்கு என்ன? எனக்கோ எழுத விஷயம் தலைக்கு மேல் தொங்குகிறது. அந்தச் சந்தோஷத்தில் படியேறும்போது தீர்மானத்தின் மகனிடம் வாயைவிட்டேன். போன வாரம் அறிவிப்புப் பலகையில், 'கூடைத் திட்டத்தை உருவாக்கிய இளைஞர்' என்று தன் மகனைத் தானே பாராட்டித் தீர்மானம் ஒட்டியிருக்கிறார் தீர்மானம். மகனும் அதே கல்லூரிக்கு, அதே கூடையை வைத்துக் கட்டுரை எழுதி அனுப்பியே விட்டான். நண்பர்களுக்குப் படித்துக் காட்டியதை என் காதால் கேட்டேன். "ஒவ்வொருவரும் தன் சுமையைத் தானே இழுத்து, யாரையும் சாராமல்..." என்று போகிறது. விதிகூடத் தெரியாது! கயிற்றைத் தொட்டதே இல்லை!

நேராகவே கேட்டேன்.

"எப்படா கட்டினே நீ?"

"ஐடியா யாருக்கு வேணா வரலாம்ல? எங்கப்பாதான் செயலாளர். இந்தக் கட்டடத்துல எது நடந்தாலும் எங்க வீடு செஞ்ச மாதிரிதான்."

ஒரே கட்டடத்திலிருந்து ஒரே கூடையைக் கட்டிய இரண்டு பேர் வந்தால் ஒருத்தர் புளுகு என்று கல்லூரிக்குத் தெரிந்துவிடும். அவனிடம் சங்கத்தின் முத்திரை இருக்கிறது. என்னிடம் கயிறுதான் இருக்கிறது. இந்த இடம் கிடைக்காவிட்டால் அம்மா என்னைப் பக்கத்துத் தெருக் கணக்கு வகுப்பில் சேர்த்துவிடுவாள்.

ஊரிலுள்ளவரையெல்லாம் புகழ்ந்து எழுதிப் பிழைப்பவர் நீங்கள். எனக்கு இரண்டு வேண்டும்: ஒரு கட்டுரை, ஒரு பழி. முதலில் பழியை அனுப்புங்கள்.

பற்களைக் கடித்தபடி,
மருமகள்

ஜூன் 17

என் குலத்தின் குத்துவாளே, மருமகளே,

நலம். இருமல் என்னை விட்டுப் போக மனமில்லாமல் அழுதது, நான்தான் விரட்டினேன். உன் கடிதத்தைப் படித்ததும் நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக் கண்ணாடி விரிசல் விட்டது. மூன்று தெரு தள்ளி ஒரு நாய் ராஜினாமா செய்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டதாகக் கேள்வி.

தீர்மானமா! என்னையும் என் பேனர் மெஷினையும் மை நாற்றம், இரைச்சல் என்று சொல்லிக் கூட்டத்தில் எல்லோரையும் கையைத் தூக்கவைத்து அந்தக் கட்டடத்திலிருந்து கிளப்பிய மகான் அல்லவா அவர்! அவர் பெயரைக் கேட்டால் இன்னும் என் மெஷின் மையைத் துப்புகிறது.

கேள். திருடனைத் திருடன் என்று கத்துவது கத்துக்குட்டிகளின் வேலை. அவன் மறுப்பான், அப்பன் ஒரு குழு போடுவான், நீ பொறாமைக்காரி ஆவாய். நம் தொழிலில் ஒரு பெரிய உண்மை உண்டு. ஒரு மனிதனை வேரோடு சாய்க்க வேண்டுமா? அவனைப் புகழ். அவனால் தூக்க முடியாத அளவுக்குப் புகழ். கூடை தன்னுடையது என்கிறானா? கொடுத்துவிடு. முழுசாகக் கொடு. கயிறு, கப்பி, அழுக்குத்துணி, பல் டாக்டர், தையல்காரம்மா எல்லாவற்றோடும் சேர்த்துக் கொடு.

பேனர் பார்சலில் வருகிறது. வாசகம் இது:

கயிற்றின் காவலரே! கூடைகளின் கோமானே! ஏழு மாடிகளின் எட்டாவது அதிசயமே! கூடைத் திட்டத்தின் தந்தை, செயலாளரின் செல்வப் புதல்வர் அவர்களை வணங்குகிறோம்! கூடை இழுக்க, எந்நேரமும், ஏழாவது மாடி இடப்பக்க மணியை அழுத்தவும். இளவரசர் ஆவலுடன் காத்திருக்கிறார்!

சங்க விழாப் படத்திலிருந்து அவன் முகத்தை எடுத்து லாரிச் சக்கரம் அளவுக்குப் பெருக்கியிருக்கிறேன். பின்னால் சூரியன் வைத்தேன். ஒன்று போதவில்லை என்று இரண்டு.

இன்னொன்று. உங்கம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா? கேட்டிருந்தால் எழுது. கேட்கவில்லையென்றால் அதைப் பற்றி எழுதாதே.

புகழ்ந்தே கொல்லும் புலவர்,
மாமா

ஜூலை 2

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். அங்கே மெஷின் நலமா?

பேனர் வந்தது. அவிழ்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. விடிந்ததும் விடியாததுமாகத் தையல்காரம்மாவும் நானும் தரைத்தளத்தில் செத்த லிப்ட்டின் கதவு முழுவதையும் மூடிக் கட்டினோம். உள்ளே நுழைகிறவர் யாரும் இரண்டு சூரியனுக்குத் தப்ப முடியாது.

தீர்மானம் காலை நடைக்கு இறங்கி வந்தார். நின்றார். கிழிக்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. தன் மகனைப் புகழ்ந்து வைத்த பேனரை எந்த அப்பன் கிழிப்பான்? "யாரு செஞ்சது?" என்றார். "நன்றியுள்ள மக்கள் சார்," என்றாள் தையல்காரம்மா. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாள். அன்றே நன்றியுள்ள மக்களுக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம் ஒட்டிவிட்டார்.

பிறகு மணி அடிக்கத் தொடங்கியது. முதலில் பல் டாக்டர். "தம்பி, தண்ணி கேன் வந்திருக்கு. நீதானே தந்தை, வா." அப்புறம் ஆறாவது மாடியில் டிரம்ஸ் சொல்லித்தருகிறவர், டிரம்ஸோடு. அப்புறம் தையல்காரம்மா, துணி மூட்டையோடு. மூட்டை மேலே வந்ததும், "ஐயையோ, இது இல்லப்பா, வேற மூட்டை" என்று இறக்கச் சொன்னாள். அந்த வேற மூட்டையும் வேற மூட்டையாக இருந்தது.

மாலையில் இளவரசன் படியில் உட்கார்ந்து உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். நான் அவனைத் தாண்டி, மெதுவாக, ஒரு பாட்டை முணுமுணுத்தபடி ஏறிப் போனேன். மாமா, படியேறுவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று இத்தனை மாதமாக எனக்குத் தெரியவில்லை.

நன்றியுள்ள மக்களில் ஒருத்தி,
மருமகள்

ஜூலை 10

வெற்றித் திருமகளே,

நலம், நலம், நலத்திலும் நலம். நீ எழுதிய 'வேற மூட்டை'யைப் படித்துச் சிரித்ததில் என் சட்டைப் பொத்தான் ஒன்று பறந்து போய்ச் சுவரில் பதிந்துவிட்டது. பிடுங்க முடியவில்லை, காலண்டர் மாட்டியிருக்கிறேன். அந்தத் தையல்காரம்மாவுக்கு உலகத்தின் ஏதாவது ஒரு கண்டத்தை எழுதிவைக்கலாம்.

விடாதே. மணி பழுதாகும்வரை அடியுங்கள், பழுதானால் கதவைத் தட்டுங்கள். அவன் கை நீண்டு முழங்காலைத் தொட வேண்டும். வேறு சாமான் இல்லையென்றால் வெறுங்கூடையை ஏற்றி இறக்கச் சொல். காற்று வாங்கியது என்று சொல்.

இப்போது கட்டுரை. முதல் வரியே இடியாக இறங்க வேண்டும்: 'இந்தக் கூடையை நான் கட்டினேன், இதைத் திருடியவன் உங்கள் கல்லூரி வாசலில் நிற்கிறான்.' இரண்டாம் வரியில் அப்பன். மூன்றாம் வரியில் தாத்தா, அவரும் ஏதாவது செய்திருப்பார். கல்லூரி முதல்வர் படித்துவிட்டு நாற்காலியோடு சாய வேண்டும்.

அப்புறம், நான் கேட்டதைப் பற்றி நீ எழுதவில்லை. சரி. நான்தான் எழுதாதே என்றேன். மழைக்காலம் வருகிறது, உங்கம்மாவுக்குக் கால் பிடித்துக்கொள்ளும். படியில் கைப்பிடி ஓரமாக ஏறச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே.

இடிகளின் மொத்த வியாபாரி,
மாமா

ஜூலை 28

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். மழை வந்துவிட்டது. கைப்பிடி ஓரமாகத்தான் ஏறுகிறோம்.

உங்கள் இடியை நான் இறக்கவில்லை, கோபப்படாதீர்கள். கட்டுரையில் கப்பி எங்கே கட்டினேன், ஏன் அந்த விதி வந்தது, டாக்டரும் தையல்காரம்மாவும் முதலில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று மட்டும் எழுதினேன். அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுரையில் எழுதினால் அவன் இல்லாத இடத்தில் படிப்பார்கள். நேர்முகத்துக்கு இரண்டு பேரையும் கூப்பிடுவார்கள். அங்கே, அவன் முகத்துக்கு நேரே சொல்லப்போகிறேன். கல்லைக் கையிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரையோடு, வசிக்கும் இடத்தில் பொறுப்பான ஒருவரின் சாட்சிக் கடிதம் கேட்கிறார்கள். தீர்மானத்திடம் போனேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார்.

"நீ கூடை கட்டினதா சங்கத்துல பதிவே இல்லையேம்மா."

"நான் கட்டும்போது நீங்க அந்தப் படியிலதான் நின்னு பாத்துட்டிருந்தீங்க, சார்."

"பார்த்தேன். ஆனா தீர்மானமா வரலையே."

கீழே இறங்கும்போது என் முகத்தைப் பார்த்துத் தையல்காரம்மா என்னவென்று கேட்டாள். சொன்னேன். "பொறுப்பான ஆளுதானே வேணும்?" என்று சொல்லிக் கிணற்றில் தலையை நீட்டி, "டாக்டரே! மேலே வாங்க, பேனாவோட!" என்று கத்தினாள். இரண்டு பேரும் ஒரே காகிதத்தில் எழுதினார்கள். யார் கையெழுத்து மேலே வருவது என்று சண்டை போட்டுக்கொண்டுதான் எழுதினார்கள், ஆனால் எழுதினார்கள். அனுப்பிவிட்டேன்.

கல்லோடு,
மருமகள்

ஆகஸ்ட் 5

சாணக்கியம் கற்ற சிங்கமே,

நலம். நீ என்னைவிடக் கொடூரமானவள் என்று இப்போது தெரிந்துகொண்டேன். பெருமையில் மெஷின்மேல் ஏறி நின்று என்னை நானே கும்பிட்டுக்கொண்டேன்.

இளவரசன் நிலவரத்தை ஏன் எழுதவில்லை? கூன் விழுந்துவிட்டதா? மணிச்சத்தம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போகிறானா? விவரம் வேண்டும், விவரம்! வயசான காலத்தில் எனக்கு வேறு என்ன சுகம் இருக்கிறது?

பசித்த கழுகு,
மாமா

ஆகஸ்ட் 14

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இங்கே நல்ல மழை. கல்லூரியிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. கயிறு நனைந்து கனத்துவிட்டது, மாற்ற வேண்டும். அம்மாவுக்கு வேலை அதிகம். வேறு விசேஷம் இல்லை.

மருமகள்

செப்டம்பர் 20

ஊமையாகிப்போன மருமகளே,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாக இருப்பவர்கள்தான் ஐந்து வரியில் கடிதம் எழுதுவார்கள். 'வேறு விசேஷம் இல்லை' என்று நீ எழுதியதைப் படித்து, உள்ளே ஒரு யானை நிற்பது தெரிந்து, அதன் தும்பிக்கை வெளியே வருமென்று ஒரு மாதமாகக் கடைவாசலில் உட்கார்ந்திருக்கிறேன். என் தலைமேல் ஒரு குருவி கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டது.

இளவரசன் என்ன ஆனான்? இதை ஐந்து கடிதத்தில் கேட்ட மாதிரி இருக்கிறது எனக்கு. உண்மையைச் சொல். அவன் அழுது நீ மன்னித்துவிட்டாயா? மன்னித்திருந்தால் இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்துவிடு, உனக்கும் எனக்கும் பேச்சில்லை. நம் குடும்பத்தில் மன்னிக்கிற வழக்கம் கிடையாது. எனக்குத் தெரிந்து யாரும் கேட்டதும் கிடையாது.

மாமா
(பட்டம் போட மனமில்லை)

அக்டோபர் 3

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். தலையிலிருக்கும் குருவியை மெதுவாக இறக்கிவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

நான் எழுதாததற்குக் காரணம் வெட்கம். நம் திட்டம் கெட்டுப்போனது. ஒரு வாரம் அவன் முனகினான். இரண்டாம் வாரம் மணி அடிக்குமுன்னே வெளியே வந்து நின்றான். அப்புறம் கயிற்றில் எங்கே பிடித்தால் கை அறுக்காது என்று அவனே கண்டுபிடித்து டாக்டருக்குச் சொல்லிக்கொடுத்தான். டிரம்ஸ்காரரிடம் இழுக்கிற தாளத்துக்கு அடி கற்றுக்கொண்டான். ஒருநாள் தன் வீட்டுச் சாமானை வைத்துக்கொண்டு கீழே நின்று, "தானே இழுக்கக் கூடாதுல்ல, யாராவது வாங்களேன்," என்று கத்தினான். பழி வாங்குகிறோம் என்று நினைத்து அவனுடைய பொய்யை நாம் உண்மையாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம் மாமா! இதை உங்களுக்கு எப்படி எழுதுவது?

மன்னிக்கவில்லை. அது வேறு. கல் கையில்தான் இருந்தது. அவன் நன்றாக இழுக்க இழுக்க எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

நேற்று நேர்முகம். நினைத்தபடியே இருவரையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டார்கள். நீள மேசை, மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் இரண்டு கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"ஒரே கட்டடம், ஒரே கூடை. ஒருத்தர் தானே இழுக்கணும்னு எழுதியிருக்கீங்க. ஒருத்தர் தானே இழுக்கவே கூடாதுன்னு எழுதியிருக்கீங்க. எது சரி?"

நான் வாயைத் திறந்தேன். நாலு மாதமாகத் தேய்த்த வாக்கியம் நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் அவன் பேசிவிட்டான்.

"அவ எழுதினதுதான் சரி மேடம். நான் எழுதும்போது எனக்கு அது தெரியாது. அதுவரைக்கும் நான் கயிறைத் தொட்டதில்லை. அவளோடதை எடுத்துத்தான் நான் எழுதினேன்."

மாமா, திருட்டு நிற்கவில்லை! முதலில் கூடையைத் திருடினான். இப்போது என் பழியையும் திருடிவிட்டான்! நான் திறந்த வாயோடு உட்கார்ந்திருக்கிறேன், அந்த அறையே அவனைப் பார்க்கிறது. அவன் கைகளை மேசைமேல் வைத்திருந்தான். உள்ளங்கை முழுக்கத் தழும்பு.

அம்மையார் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அப்பவே தெரியும்ல? ஏன் புகார் பண்ணலை?"

எனக்கு வந்த எரிச்சலில் உள்ளதையே சொல்லிவிட்டேன். "புகார் பண்ணியிருந்தா ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பான் மேடம். கயிறு இழுத்திருக்க மாட்டான். எனக்கு அவன் மன்னிப்பு வேண்டாம். அவன் இழுக்கணும்." பேனரைப் பற்றியும் சொன்னேன். இரண்டு சூரியனையும் சொன்னேன். வேற மூட்டையையும் விடவில்லை.

ஓரத்தில் இருந்தவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அம்மையார் சிரிக்கவில்லை. எதையோ எழுதினார். "பழி வாங்கத்தான் செஞ்சீங்களா?" என்றார். "ஆமா மேடம்," என்றேன்.

போச்சு என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் முன்சீட்டு, நான் பின்சீட்டு. 

மருமகள்

அக்டோபர் 12

உண்மையைச் சொல்லி உலகத்தை உடைத்தவளே,

நலம். குருவி குஞ்சுகளோடு கிளம்பிவிட்டது, போகும்போது உன்னை விசாரித்தது.

"ஆமா மேடம்" என்ற அந்த இரண்டு சொல்லுக்கு ஒரு பேனர் அடித்துக் கடையில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் என்ன கட்சி என்று கேட்கிறார்கள். இடம் கிடைக்காவிட்டால் அந்தக் கல்லூரி தன் தூண்களைத் தானே கட்டிப்பிடித்து அழட்டும்.

இப்போது ஒன்று. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் நீ அந்த மேசைமுன் சுற்றி வளைக்கவில்லை.

என்னைக் கிளப்பிய அந்தக் கூட்டத்தில் நீ இல்லை. தரைத்தளக் கூடம். என் மெஷினை வெளியேற்ற ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார் தீர்மானம். கைகள் எழுந்தன, காடு மாதிரி. அது என்னை ஒன்றும் செய்யவில்லை, காட்டுக்குள் நான் பிறந்தவன். எதிர்ப்பவர்கள் தூக்கலாம் என்றார். உங்கம்மா எனக்குப் பக்கத்து நாற்காலி. கைப்பை வாரை முறுக்கினாள். அவிழ்த்தாள். மறுபடி முறுக்கினாள். கை வாரிலேயே இருந்தது.

அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க வேண்டியவள் அவள். எனக்குப் புரிகிறது. ஆனால் மருமகளே, தீர்மானத்தின்மேல் நான் இத்தனை காலம் வளர்த்த கோபம் இருக்கிறதே, அதில் பாதி அவருடையதில்லை.

அவளைப் பற்றி எழுத வேண்டாம் என்று நான் சொன்னதை நீ எழுதவில்லை. நல்ல பிள்ளை.

மாமா

நவம்பர் 15

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நிஜமாகவே நலம்.

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. அவனுக்கு இல்லை. பொய்க் கட்டுரைக்கு இடமில்லை, அடுத்த வருடம் உண்மையோடு வரலாம் என்று எழுதியிருந்தார்களாம். படியில் நின்று அவனே சொன்னான். "அதுவரைக்கும் கயிறு இருக்கு," என்றான். எனக்குப் பாவமாக இருக்குமென்று எதிர்பார்த்தேன். தேடிப் பார்த்தேன். இல்லை. சந்தோஷமாக இருந்தது. இரண்டு படி ஒரே தாவலாகத் தாவினேன். அதன் பிறகுதான் அவன் சாமானை இழுத்துக் கொடுத்தேன்.

முடிவு வந்த மூன்றாம் நாள் தீர்மானம் எல்லாக் குழுவையும் கலைத்து லிப்டைச் சரி செய்துவிட்டார். மகனின் கட்டுரைக்காகத்தான் இத்தனை மாதம் அது செத்துக் கிடந்தது போலிருக்கிறது! லிப்ட் ஓடியதும் கூட்டம் போட்டார். கூடையையும் கயிற்றையும் அகற்ற வேண்டும், கட்டடத்தின் தோற்றம் கெடுகிறது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதே தரைத்தளக் கூடம். ஆதரிப்பவர்கள் என்றதும் அவர் கையும், வாடகைக்குப் புதிதாக வந்த ஒருவர் கையும் எழுந்தன. வழக்கம்போல் காகிதத்தை மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "எதிர்க்கிறவங்க தூக்கலாம்," என்றார்.

அம்மா தூக்கினாள்.

முதல் கை அதுதான். கூடத்தில் வேறு கை இல்லை அப்போது. தீர்மானம் நிமிர்ந்தார்.

"என்னம்மா, ஏதாவது கேள்வியா?"

"கேள்வியெல்லாம் இல்லை. எதிர்க்கிறேன்."

"எதை?"

"இதையும்தான்," என்றாள் அம்மா.

அவருக்குப் புரிந்தது, மாமா. மூக்குக்கண்ணாடியைத் துடைக்க மறந்துவிட்டார். அடுத்து தையல்காரம்மா, டாக்டர், டிரம்ஸ்காரர் என்று எழுந்துகொண்டே போனது. கடைசியாகத் தழும்போடு ஒரு கை. அப்பாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் தூக்கினான். இந்தக் கட்டடத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு தீர்மானம் தோற்றது.

நீங்கள் கேட்டதற்கு நான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை, ஏனென்றால் அம்மா கேட்கவே இல்லை. ஆனால் ஒன்றை மறைத்தேன். பேனர் கட்டிய அன்று வேலைக்குப் போகும்போது அதன் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். யார் அடித்தது என்று என்னிடம் கேட்கவில்லை. "ரெண்டு சூரியன் வச்சிருக்கான் பாரு," என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸை விட்டுவிட்டாள் அன்றைக்கு.

கூட்டத்தில் எண்ணி முடித்துக் காகிதத்தில் எழுதிய பிறகும் அவள் கையை இறக்கவில்லை.

மருமகள்

நவம்பர் 21

மருமகளே,

படித்தேன். மறுபடியும் படித்தேன். புகழ ஒன்றும் வரவில்லை.

மெஷினைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறு காலை பாகம் பாகமாக உங்கள் வாசலில் வந்து இறங்குவேன். லிப்டில் ஏற்ற மாட்டேன். கூடையில்தான் ஐந்தாவது மாடிக்கு, நம் வீட்டுக்குப் போக வேண்டும், மை டப்பாக்கள் உட்பட. என் கூடையை நான் இழுக்கக் கூடாது என்பது விதி. ஏழாவது மாடி இடப்பக்க மணியை அழுத்து. மகனை அல்ல, அப்பனைக் கூப்பிடு.

உங்கம்மாவைக் கையை இறக்கச் சொல். வலிக்கும்.

மாமா